பூலோகம் சார் கூட்டிக்கொண்டு போன அணிகள்

எங்கள் கல்லூரிக்கு விளையாட்டு இயக்குநர் தேவை என்ற விளம்பரத்தைத் தட்டச்சு செய்தவன் நான். அதனால் அந்த வேலைக்கு என்ன தகுதி வேண்டும் என்று யாராவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உடற்கல்வியில் முதுகலைப் பட்டம், ஐம்பத்தைந்து சதவீத மதிப்பெண். நெட் அல்லது செட் தேர்ச்சி, அது இல்லாவிட்டால் டாக்டர் பட்டம். அணிகளை வெளியூர்ப் போட்டிகளுக்கு அழைத்துச் சென்ற அனுபவத்துக்கு எழுத்துப்பூர்வமான சான்று. கடைசியாக உடல்தகுதித் தேர்வு. ஆண் பன்னிரண்டு நிமிடத்துக்குள், பெண் எட்டு நிமிடத்துக்குள், வயதுக்குத் தகுந்த தூரத்தை ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். 'நடந்தோ' என்பதை நான் இரக்கப்பட்டுச் சேர்க்கவில்லை, விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது.

என் பெயர் கோமதிநாயகம். மும்பை செம்பூரில் தமிழர் அறக்கட்டளை ஒன்று நடத்தும் கல்லூரியில் தலைமை எழுத்தர். வீடு தாராவி. முப்பத்தொரு வருட சர்வீஸில் ஒரு கோப்பு என் கையிலிருந்து தொலைந்ததில்லை. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. என்னைச் சிடுமூஞ்சி என்று ஆபீஸில் சொல்வார்கள். சொல்லட்டும். தேதி போடாத லெட்டரைக் கொண்டுவந்து நீட்டுகிறவனைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தெரியாது.

எனக்கு முன்னால் இந்தக் கதைக்குள் வர வேண்டியவர் பூலோகம் சார். இருபத்தெட்டு வருடம் எங்கள் விளையாட்டு இயக்குநராக இருந்து, போன மே முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு பெற்றார். நல்ல மனிதர். யாரையும் அதட்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதட்டுவதற்கு முதலில் கல்லூரிக்கு வர வேண்டுமே. உல்லாஸ்நகரில் அவர் மச்சினர் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அங்கே பூலோகம் சாருக்கு ஒரு நாற்காலியும் மின்விசிறியும் உண்டு. எங்களிடம் செவ்வாய், வெள்ளி மட்டும் வருவார்.

வந்ததும் நான் போட்டி நுழைவுப் படிவங்களை ஒரு கட்டு கொண்டுபோய் மேசையில் வைப்பேன். எல்லாம் வெற்றுப் படிவம். என்ன போட்டி, எந்த ஊர், எந்த நாள், ஒன்றும் எழுதியிருக்காது. சார் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பிள்ளையார் சுழி போட்டு, அடியில் கையெழுத்துப் போடுவார். சுழி போடாமல் ஒரு தாளில்கூட அவர் பேனாவை வைத்ததில்லை, அவ்வளவு பக்தி. அந்தக் கட்டு என் இழுப்பறையில் இருக்கும். போட்டி வரும்போது ஒன்றை எடுத்து விவரத்தை நிரப்பி, தேதி முத்திரை குத்தி அனுப்புவேன். 'அணியை அழைத்துச் செல்பவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நிரந்தர ஊழியர் பெயர்தான் வர வேண்டும். பூலோகம் என்று எழுதுவேன்.

அணியை உண்மையில் அழைத்துச் சென்றவள் மாரிசெல்வி.

மாரிசெல்விக்கு நாற்பத்துமூன்று வயது. எங்கள் தாராவிப் பெண்தான், கபடி ஆடியவள். பதினோரு வருடமாக எங்களிடம் சி.எச்.பி. அப்படியென்றால் மணிநேரக் கணக்கில் பாடம் எடுக்கிற தற்காலிக ஆசிரியை. வருடா வருடம் ஜூன் மாதத்தில் புதுப்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, பந்துக்குக் காற்றடிப்பது, பெண் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய் விளையாட அனுப்பச் சொல்லிக் கெஞ்சுவது, அணியை நாந்தேடுக்கும் நாக்பூருக்கும் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது எல்லாம் அவள்தான். நடுவில் முதுகலை முடித்தாள், செட் எழுதித் தேறினாள். இப்போது நிரந்தரப் பதவி காலி. அது அவளுக்குக் கிடைத்தால் கிடைத்தது. வேறு ஆள் வந்துவிட்டால் சி.எச்.பி. ஏற்பாடு ரத்து, மறுநாளிலிருந்து அவளுக்குக் கல்லூரியில் வேலை இல்லை. நாற்பத்துமூன்று வயதில் இன்னொரு கல்லூரி அவளை எடுக்காது. இதுவும் எனக்கு மனப்பாடம்.

நேர்காணலுக்கு ஒரு மாதம் முன்பு என் மேசைக்கு வந்தாள். கையில் ஒரு காகிதம். பதினோரு வருடத்தில் அவள் கூட்டிக்கொண்டு போன போட்டிகளை எல்லாம் எழுதியிருந்தாள். நாற்பத்தாறு.

"அண்ணாச்சி, இத வச்சு ஒரு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் அடிச்சித் தாங்க. பிரின்சிபால்ட்ட நான் சைன் வாங்கிக்கிடுதேன்."

"ரிஜிஸ்டரப் பாக்காம எப்படி அடிக்க? நாளைக்கு வா."

ரிஜிஸ்டரைப் பார்த்தேன். நாற்பத்தாறு போட்டியும் இருந்தன. வென்றது, தோற்றது, மழையால் நின்றது எல்லாம் என் கையெழுத்தில் அழகாக இருந்தது. அழைத்துச் சென்றவர் என்ற இடத்தில் நாற்பத்தாறிலும் பூலோகம். மாரிசெல்வியின் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினேன். ஒரே ஒரு இடத்தில் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் கைப்பந்து பட்டு நூலகத்தின் ஜன்னல் கண்ணாடி உடைந்தபோது, பொறுப்பாளர் என்ற இடத்தில்.

மறுநாள் வந்தாள். சொன்னேன்.

"ரெக்கார்டுல இல்லம்மா."

"எது இல்ல?"

"நீ போனதுக்கு ரெக்கார்டு இல்ல. எல்லாம் பூலோகம் சார் பேருல இருக்கு."

"நாந்தேடுல ஷைஸ்தாவுக்குக் கை முறிஞ்சப்போ ஆஸ்பத்திரில மூணு நாளு தரையில படுத்துக் கெடந்தேன். அதுவும் பூலோகம் சார்தானா?"

"சத்தம் போடாத. நான் என்ன செய்ய? ரூல் அப்படி."

"ரூலு அப்படி. நீங்க எழுதுனீய," என்றாள். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று புரியாததால் பியூனைக் கூப்பிட்டு, தண்ணீர்ப் பானையை ஏன் மூடவில்லை என்று கத்தினேன். மூடித்தான் இருந்தது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவள் பெயர் இருக்கிற புத்தகங்கள் என் பீரோவில் கீழ்த்தட்டில் இருந்தன. ரயில் சலுகைப் புத்தகங்கள். மாணவர் அணி வெளியூர் போனால் ரயில்வே சலுகைக்குக் கல்லூரியிலிருந்து படிவம் கொடுக்க வேண்டும். யார் யார் போகிறார்கள், வயது என்ன, ஆணா பெண்ணா, கூடப் போகிறவர் யார் எல்லாம் எழுத வேண்டும். அந்த ஒரு படிவத்தில் மட்டும் பூலோகம் என்று எழுத முடியாது. கல்யாண் தாண்டியதும் டிக்கெட் பார்க்கிற டி.டி.இ. வந்து ஆளையும் தாளையும் ஒத்துப் பார்ப்பான். 'பூலோகம், ஆண், 49' என்று எழுதிக் கொடுத்துவிட்டு மாரிசெல்வியை உட்கார வைத்தால் எல்லோரையும் இறக்கிவிடுவான். ஆகவே 'மாரிசெல்வி, பெண், 32' என்று எழுதினேன். அடுத்த வருடம் 33. அதற்கடுத்த வருடம் 34. கார்பன் நகல் புத்தகத்திலேயே தங்கிவிடும்.

பல்கலைக்கழகத்துக்குப் பயப்படவில்லை, பிரின்சிபாலுக்குப் பயப்படவில்லை, டி.டி.இ.க்குப் பயந்து உண்மையை எழுதியிருக்கிறேன். அதை எடுத்து நீட்டினால் என் ரிஜிஸ்டர் பொய் என்று நானே சொன்னதாகும். எட்டு மாதத்தில் ஓய்வு. பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஏழு பேர் விண்ணப்பித்தார்கள். உடல்தகுதித் தேர்வு உண்டு என்று கடிதம் போனதும் நான்கு பேர் வரவில்லை. ஒருவர் மாஹிம் வரை வந்துவிட்டு, வயிறு சரியில்லை என்று போன் செய்து திரும்பிவிட்டார். மிச்சம் இரண்டு பேர். ஒருத்தி மாரிசெல்வி. இன்னொருவர் ஐரோலியிலிருந்து வந்த டாக்டர் மகேஷ்குமார், வயது முப்பத்தாறு. 'நகரத்து இளைஞர்களிடையே விளையாட்டு உந்துதல்' என்று ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். எங்கள் அறக்கட்டளைச் செயலாளருக்கு அவரை ஏற்கெனவே பிடித்துப் போயிருந்தது. செயலாளர் மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம், டாக்டர் என்றால் எந்த டாக்டராக இருந்தாலும் எழுந்து நிற்பார்.

தேர்வுக்கு மாரிசெல்விக்கு நான் இரண்டு கடிதம் அடித்தேன். விண்ணப்பதாரர் மாரிசெல்விக்கு ஒன்று: காலை எட்டு மணிக்கு உடல்தகுதித் தேர்வுக்கு வரவும். சி.எச்.பி. ஆசிரியை மாரிசெல்விக்கு இன்னொன்று: மேற்படி தேர்வுக்கு மைதானம், விசில், நிறுத்துக் கடிகாரம், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றைத் தயார் செய்து வைக்கவும். ஜிம்கானா என்கிற விளையாட்டு அறையின் அலமாரிச் சாவி அவளிடம்தான் இருக்கிறது, வேறு யாரைக் கேட்பது? இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு இரண்டிலும் தனித்தனியாகப் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் தந்தாள்.

அன்று மைதானத்தில் மைதானம் இல்லை. சாயங்காலக் கல்யாண வரவேற்புக்காக அறக்கட்டளை அதை வாடகைக்கு விட்டிருந்தது. நடுவில் பெரிய பந்தல், சுற்றி நாற்காலிகள், ஓரத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழக நிபுணர் சாவந்த் மேடம் சரியாக எட்டு மணிக்கு வந்து இறங்கினார். அந்தக் காலத்தில் கோகோ ஆடியவராம், அறுபது வயதிலும் முதுகு நிமிர்ந்திருந்தது. பந்தலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன்.

மாரிசெல்வி ஆறரைக்கே வந்து பந்தல்காரரிடம் பேச்சு நடத்தியிருந்தாள். பந்தல்காரர் தௌஃபீக் பாய், காயல்பட்டினத்துப் பக்கம். அவர் மகள்தான் ஷைஸ்தா, நாந்தேடில் கை முறிந்தவள்.

"பாய், இந்த ரெண்டு வரிச நாற்காலிய எடுத்துருங்க. பத்து மணிக்குள்ள பழையபடி போட்டுத் தாரேன், என் பொறுப்பு."

"கல்யாண வீட்டுக்காரன் பாத்தா என்னத் தின்னுருவாம்மா. சரி சரி, ஒனக்காவ எடுக்கேன். பாஸ் ஆயிருவேல்லா?"

"ஓடுனா பாஸ்தான் பாய். நாற்காலிய எடுங்க மொதல்ல."

பந்தலைச் சுற்றி நாடா பிடித்து அளந்து, சுண்ணாம்பு போட்டு, ஒரு சுற்று நூற்றைம்பது மீட்டர் என்று அட்டையில் எழுதி வைத்திருந்தாள். சாவந்த் மேடம் நாடாவை வாங்கித் தானே ஒரு முறை அளந்தார். நூற்றைம்பதுதான். அவள் வயதுக்கு அறுநூறு மீட்டர், நான்கு சுற்று. மகேஷ்குமாருக்கு ஆயிரத்து ஐந்நூறு, பத்துச் சுற்று. நிறுத்துக் கடிகாரத்தின் பொத்தான் அடிக்கடி மாட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் அழுத்த வேண்டும் என்று மேடத்துக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு, துப்பட்டாவைக் குறுக்கே முடிந்துகொண்டு அவளே போய்க் கோட்டில் நின்றாள். விசில் ஊத ஆள் இல்லை. என்னிடம் கொடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக விசில் ஊதினேன், காற்றுதான் வந்தது. இரண்டாவது முறை சத்தம் வந்தது.

நான்கு சுற்றையும் மூன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டாள். இடுப்பில் அலமாரிச் சாவிக்கொத்து ஓட்டம் முழுக்கக் குலுங்கிக்கொண்டே இருந்தது. உருளைக்கிழங்குக்காரர்கள் கை தட்டினார்கள். எனக்கும் தட்ட வேண்டும் போலத்தான் இருந்தது, ஆபீஸ் ஆள் தட்டக் கூடாது.

அடுத்து டாக்டர் மகேஷ்குமார். பாவம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். பணிவான பையன். ஆனால் புதுக் காலணி, அதுவும் முந்தைய நாள் வாங்கியது. நான்கு சுற்று ஓடினார். ஐந்தாவதில் முகம் வெளுத்தது. ஆறாவதில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. என் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது: இவன் இப்படியே உட்கார்ந்துவிட்டால் மாரிசெல்வி ஒருத்திதான் மிச்சம். சர்டிபிகேட்டும் வேண்டாம், ரிஜிஸ்டரும் வேண்டாம், என் பீரோவும் திறக்க வேண்டாம். உட்காரு தம்பி, உட்காரு என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

மாரிசெல்வி ஓடினாள். அவரிடம்.

"சார், குனியாதீங்க. நிமிந்து மூச்சு விடுங்க. ஷூவைக் கழட்டுங்க, கழட்டுங்கங்கேன். சாக்ஸோட நடங்க. நடந்தாலே போதும், ரூல்ல இருக்கு. அஞ்சு சுத்துதான், டைம் இருக்கு. என்கூட வாங்க."

கூடவே நடந்தாள். சுற்றுக்கு ஒரு தடவை சத்தமாக மிச்சக் கணக்கைச் சொன்னாள். கடைசிச் சுற்றில், "இப்ப ஓடுங்க, பின்னால நாய் வருது, சலோ சலோ!" என்று கத்தினாள். நிஜமாகவே நாய் வருகிறது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, ஓடினார். பதினொரு நிமிடம் நாற்பது விநாடி. தேறிவிட்டார். கோட்டைத் தாண்டியதும் அவரை உட்கார விடாமல் பிடித்து நடக்க வைத்து, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கால்விரலில் கொப்புளத்துக்கு மருந்து வைத்துக் கட்டினாள். சாவந்த் மேடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நாற்காலிகளைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தவளிடம் போய்ச் சொன்னேன்.

"ஒனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? அவன் தானா விழுந்தான். நீ ஏன் தூக்கி விட்ட?"

"ஓடுதவன பாதியில விட்டுட்டு நிக்க முடியுமா அண்ணாச்சி?"

"அவன் ஒம் பொழப்புல மண்ணள்ளிப் போட வந்தவன்!"

"அது பதினோரு மணிக்குல்லா. இது கிரவுண்டு," என்றாள். "அந்த நாற்காலிய இங்கிட்டுத் தள்ளுங்க." தள்ளினேன்.

பதினோரு மணிக்குப் பிரின்சிபால் அறையில் நேர்காணல். செயலாளர், பிரின்சிபால், சாவந்த் மேடம். கோப்பு எடுத்துக் கொடுக்க நான் சுவரோரமாக நின்றேன். முதலில் மகேஷ்குமார், காலில் கட்டோடு வந்தார். விளையாட்டு இயக்குநருக்கு என்ன தகுதி வேண்டும் என்று செயலாளர் கேட்டார். மகேஷ்குமார் மடிக்கணினியைத் திறந்து தொலைநோக்கு, தலைமைப் பண்பு, ஐந்தாண்டுத் திட்டம் என்று பதினாறு படம் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. வட்டம் வட்டமாக இருந்தது. செயலாளர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்து மாரிசெல்வி. அதே கேள்வி. கொஞ்சம் யோசித்தாள்.

"எந்த ஊரு கிரவுண்டுல லேடீஸ் டாய்லெட் இருக்கு, எதுல இல்லன்னு தெரியணும் சார்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "வாட்?"

"இல்லாத எடத்துக்குப் போனா, பக்கத்துல எந்த வீட்டக் கேட்டா கதவத் தெறப்பாங்கன்னு தெரியணும். எந்தப் பிள்ளைக்கு அப்பா ட்யூட்டிக்குப் போனப்புறம் வீட்டுல போயிப் பேசணும், எந்தப் பிள்ளைக்கு அவரு இருக்கும்போதே பேசணும்னு தெரியணும். வண்டி அஞ்சு மணிநேரம் லேட்டானா பன்னெண்டு பிள்ளைக்கு ஸ்டேஷன்ல எதக் குடுத்தா வயித்துக்கு ஒண்ணும் செய்யாதுன்னு தெரியணும். கபடி சொல்லிக் குடுக்கது அப்புறம் சார். பிள்ள வந்தாத்தான சொல்லிக் குடுக்க?"

எல்லாவற்றையும் அவள் இந்தியிலும் ஒரு தடவை மேடத்துக்குச் சொன்னாள். சாவந்த் மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"எல்லாம் சரிம்மா," என்றார் செயலாளர். "சான்று எங்கே? டீம் கூட்டிண்டு போன எக்ஸ்பீரியன்ஸ்னு இங்கே ஒரு பேப்பர்கூட இல்லையே. எல்லாத்துக்கும் பூலோகம்தானே போயிருக்கார்?"

மாரிசெல்வி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் தேவலை.

துறையின் சாதனைகள் என்று நான் தைத்து வைத்திருந்த கோப்பை சாவந்த் மேடம் புரட்டிக்கொண்டிருந்தார். மராத்தி கலந்த இந்தியில் கேட்டார், நான் தமிழில் சொல்கிறேன்.

"இந்த பூலோகம் எப்போது ஓய்வு பெற்றார்?"

"மே முப்பத்தொன்று மேடம்," என்றேன். தேதி கேட்டால் எனக்கு உடனே வாயில் வந்துவிடும்.

"செப்டம்பர் பதினான்காம் தேதி நாக்பூருக்குப் பெண்கள் கபடி அணியைக் கூட்டிப் போயிருக்கிறாரே. கையெழுத்து இருக்கிறது. மேலே இந்தச் சுழியும் இருக்கிறது."

ஓய்வு பெறுகிற வாரம் பூலோகம் சார் வெற்றுப் படிவம் ஐம்பதில் கையெழுத்துப் போட்டு, 'வச்சுக்கோரும், உமக்கு உதவும்' என்று பிரிவுப் பரிசு மாதிரி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஜூன் வந்தது, ஜூலை வந்தது, நான் பாட்டுக்கு இழுப்பறையிலிருந்து எடுத்தேன், நிரப்பினேன், தேதி முத்திரை குத்தினேன். சார் போய்விட்டார் என்று தெரியும். அவருக்கு மாலை வாங்கி வந்தவனே நான்தான். ஆனால் அவர் இருந்தபோதும் இப்படித்தானே இருந்தது. வித்தியாசம் எனக்கு உறைக்கவே இல்லை. ஊரார் லெட்டரில் தேதி இல்லை என்று முப்பத்தொரு வருடம் கத்தியவன், என் கோப்பில் தேதியைப் பார்க்காமல் தைத்திருக்கிறேன்.

"ஓய்வு பெற்றவர் எப்படிப் போனார்?" என்று மேடம் மறுபடி கேட்டார்.

"போகலை மேடம்."

"பின்னே யார் போனது?"

இதற்கு 'விசாரித்துச் சொல்கிறேன்' என்று ஒரு பதில் உண்டு. ஆபீஸில் அதற்கு மேல் நல்ல பதில் கிடையாது. அது என் நாக்கு நுனி வரை வந்தது. மாரிசெல்வி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அள்ளிய சுண்ணாம்பு இன்னும் நகக்கண்ணில் வெள்ளையாக இருந்தது.

ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனேன். பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து ரயில் சலுகைப் புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டினேன். நான்கு புத்தகம். கொண்டுவந்து மேசையில் வைத்து, செப்டம்பர் பக்கத்தைத் திறந்து காட்டினேன். 'உடன் செல்பவர்: மாரிசெல்வி, பெண், 43.' பிறகு பின்னால் பின்னால் புரட்டிக்கொண்டே போனேன். 42, 41, 40. சாவந்த் மேடம் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். 32 வரை வந்து நின்றார்.

செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன கோமதி, இது என்ன கண்றாவி? அதிலே ஒரு பேர், இதிலே ஒரு பேர். ரெண்டும் உம்ம கையெழுத்து. எது நிஜம்?"

"ரயில் புக்குல எழுதுனது நெசம் சார். டி.டி.இ. பாப்பான்."

"அப்போ பதினோரு வருஷமா எழுதினது பூரா பொய்யா?"

"பொய்யின்னு நெனைச்சு எழுதல சார். வழக்கம்."

பிரின்சிபால் அன்று பேசிய ஒரே வார்த்தை, "கடவுளே."

"ரயில் ஏறாத போட்டிகளும் உண்டு சார், பஸ்ல போனது, லோக்கல்ல போனது," என்றேன். வாய் திறந்த பிறகு எனக்கு நிறுத்த வரவில்லை. "அதுக்கும் அவதான் போனா. சர்டிபிகேட்டு கேட்டு வந்தா, ரெக்கார்டு இல்லன்னு சொல்லி அனுப்புனேன். ரெக்கார்ட இல்லாம ஆக்குனது நான். எனக்கு என்ன குடுக்கணுமோ குடுங்க."

கொடுத்தார்கள். விளக்கம் கேட்டு மெமோ. அதைத் தட்டச்சு செய்ய வேறு ஆள் இல்லாததால் நானே அடித்து, நானே உள்வரவுப் பதிவேட்டில் ஏற்றி, நானே பெற்றுக்கொண்டேன். பதவி மாரிசெல்விக்கு என்று சாவந்த் மேடம் எழுதினார். செயலாளர் கொஞ்சம் முனகிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மகேஷ்குமார் போகும்போது அவளிடம் வந்து நன்றி சொன்னார். அவள் காலணியை அரை அளவு பெரிதாக வாங்கச் சொன்னாள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பத்தாம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து கோப்பு திரும்பி வந்துவிட்டது, ஆட்சேபணைக் குறிப்போடு. உடல்தகுதித் தேர்வு அறிக்கையில் நிபுணர் கையெழுத்து இருக்கிறது, 'தேர்வை நடத்தியவர்: கல்லூரி விளையாட்டு இயக்குநர்' என்ற இடம் காலியாக இருக்கிறது, நிரப்பி அனுப்பவும், இல்லாவிட்டால் நியமனத்துக்கு ஒப்புதல் இல்லை. தேர்வு நடந்த அன்று இயக்குநரே கிடையாது என்று போன் செய்து சொன்னேன். இப்போது இருக்கிறாரா என்று கேட்டார்கள். இருக்கிறார் என்றேன். அப்படியானால் அவரிடம் வாங்குங்கள் என்று வைத்துவிட்டார்கள்.

தாளை எடுத்துக்கொண்டு ஜிம்கானா அறைக்குப் போனேன். மாரிசெல்வி தரையில் உட்கார்ந்து ஒரு வலையைத் தைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் உட்காரும்மா என்றேன். வலை நீளம், நாற்காலியில் உட்கார்ந்தால் வராது என்றாள். விஷயத்தைச் சொன்னதும் தாளை வாங்கிப் படித்தாள்.

"என்ன அண்ணாச்சி இது கூத்து? நான் ஓடுனதுக்கு நானே கையெழுத்தா? நாளைக்கு எவனாவது கேப்பான்."

"கிரவுண்ட அளந்தது யாரு?"

"நான்தான்."

"கோடு போட்டது?"

"நான்தான். விசிலு நீங்க ஊதுனீய, அதுவும் வரல."

"அப்ப நடத்துனது நீதான. தாயி, பதினோரு வருஷமா நீ ஓடுன, வேற ஆளு கையெழுத்துப் போட்டாரு. அத நான் எடுத்து எடுத்துக் குடுத்தேன். இந்த ஒரு தடவ நீ ஓடுனதுக்கு நீயே போடு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பட்டாவால் துடைத்தாள். பேனாவை நீட்டினேன். தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு, சுருக்காமல், ஒவ்வோர் எழுத்தாக முழுப் பெயரையும் எழுதினாள். தலையில் சுழி ஒன்றும் போடவில்லை. எழுதி முடித்து என்னிடம் தந்தாள்.

வாங்கிப் பார்த்தேன். பழக்கம் விடுமா?

"தேதி போடல," என்றேன்.

மாரிசெல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அத நீங்க சொல்லுதீயளா, அண்ணாச்சி?"